மீதி வராத வாக்குமூலம்

“சரியா வருது அண்ணி. ஒரு நிமிஷம்கூட முன்னப்பின்ன இல்ல. பேராசிரியர் நிரபராதி” என்றான் அரியர்.

கல்லூரி மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரில் காகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டு முடித்தவன் முகத்தில் பிள்ளை பெற்றவனின் பூரிப்பு. இருக்காதா பின்னே? இதே கல்லூரியில் இயற்பியல் படித்து, வருடம் தவறாமல் தோற்று, அந்தப் புண்ணியத்தில் ‘அரியர்’ என்றே பட்டப்பெயர் வாங்கியவன். அவன் போட்ட கணக்குக்கு முழுசாக ஒரு விடை வந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

அண்ணி அசைந்து கொடுக்கவில்லை. அண்ணன் மனைவி என்பதெல்லாம் வீட்டோடு சரி. அலுவலகத்தில் அவர்தான் முதலாளி, அவர்தான் துப்பறிபவர். அதற்கு முன்னால் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவர். எரியாத கடை எரிந்துவிட்டது, தொலையாத கார் தொலைந்துவிட்டது என்று வந்து நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியதில், பொய் பக்கத்தில் வந்தாலே அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். கொழுந்தன் என்கிற ஒரே தகுதியில் உதவியாளன் ஆன அரியருக்கு வெயிலில் மட்டும்தான் வேர்க்கும்.

இவர்களைத் துப்பறியச் சொல்லிக் கூப்பிட்டு மாடிக்கு அழைத்து வந்திருந்தவள் தொலைநோக்கி ஆபரேட்டர். முப்பது வயதிருக்கும். ‘வணக்கம்’ சொல்வதற்குமுன் ‘கையை எடுங்க’ சொல்லிப் பழகியவள். மாடிப்படி நெடுகிலும் ‘தொடாதே’ என்று பலகை வைத்திருந்தாள். அரியர் ஒரு பலகையைத் தொட்டுப் பார்த்தான், அதற்கும் திட்டு விழுந்தது.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் இருட்டத் தொடங்கிய நேரம், ஏழு மணிக்கு மாணவர்கள் வருவதற்குள் தயாராக இருக்கட்டும் என்று தொலைநோக்கியைச் சனிக் கோளுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, மாடிக் கதவைப் பூட்டிக்கொண்டு, ஆறரை மணிக்கு ஒரு டீ குடிக்கக் கீழே இறங்கியிருக்கிறாள். இருபது நிமிடத்தில் திரும்பி வந்தால் குழாய் இருக்கிறது, முன்பக்கத்துப் பெரிய லென்ஸ் இல்லை. அதைப் பிடித்துவைத்திருந்த பித்தளை வளையம் மட்டும் தரையில் கிடக்கிறது. கதவு பூட்டினபடியே இருக்கிறது.

கதவுக்குச் சாவி இரண்டே இரண்டு. ஒன்று இவளிடம். இன்னொன்று இயற்பியல் துறைத் தலைவரிடம். அவர் முப்பது வருடமாக ஒவ்வொரு மாணவன் கையிலும் இருக்கிற ‘தொடக்கநிலை இயற்பியல், வானியல் பயிற்சிக் கணக்குகள்’ புத்தகத்தை எழுதியவர். அதில் பாதிக் கணக்கு ‘ஒரு கூழாங்கல்’ என்றுதான் ஆரம்பிக்கும். ஆகவே ‘கூழாங்கல் சார்’.

காலையில் விசாரணைக் குழு கூடி இரண்டு பேரையும் கேட்டது. சார் தான் வீட்டுக்குப் போன விதத்தை எழுதிக் கொடுத்தார். ஆபரேட்டர் டீ குடித்ததாகச் சொன்னாள். “டீ குடிச்சதுல என்ன கணக்கு போட முடியும்? அதான் என்னை நம்பல” என்றாள் அவள். நாலு மணிக்குக் குழு மறுபடி கூடும், அவளை வேலையைவிட்டு அனுப்பும் உத்தரவில் கையெழுத்துப் போடும். ஊரில் இருப்பது ஒரே தொலைநோக்கி. அதன் லென்ஸைத் திருடியவள் என்று பேர் எடுத்துவிட்டால் அந்தத் தொழிலையே அவள் மறந்துவிட வேண்டியதுதான்.

அண்ணி வாக்குமூலத்தின் நகலை இன்னொரு முறை வாசித்தார்.

‘மாலை ஆறு மணிக்குக் கல்லூரி வாசலிலிருந்து புறப்பட்டு, மணிக்கு நாலு கிலோமீட்டர் என்னும் சீரான வேகத்தில் ஒரு கிலோமீட்டர் நடந்து பேருந்து நிறுத்தத்தை அடைந்தேன். அங்கிருந்து மணிக்கு முப்பது கிலோமீட்டர் என்னும் சீரான வேகத்தில் பதினைந்து கிலோமீட்டர் பயணம் செய்தேன். இறங்கி, முன்சொன்ன வேகத்திலேயே ஒரு கிலோமீட்டர் நடந்து வீட்டை அடைந்தேன். அப்போது மணி ஏழு.’

“பதினஞ்சு, முப்பது, பதினஞ்சு. மொத்தம் ஒரு மணி நேரம்” என்றான் அரியர். “லென்ஸ் காணாமப் போன நேரத்துல மனுஷன் பஸ்ல உக்காந்திருக்கார். குழுவுல இருக்கற மூணு பேரும் போட்டுப் பாத்துட்டாங்களாம், மூணு பேருக்கும் இதே விடை. நான் வேற போட்டுட்டேன்.”

“பஸ்காரங்களை யாராவது கேட்டாங்களா?” என்றார் அண்ணி.

கேட்கவில்லை. ஆபரேட்டர் உதட்டைப் பிதுக்கினாள். குழுவில் மூன்று பேருமே இயற்பியல்காரர்கள், மூன்று பேருமே சாரிடம் படித்தவர்கள். கணக்கு சரியாக வந்த பிறகு பஸ்காரரிடம் போய் என்ன கேட்பது என்பது அவர்கள் கட்சி.

“சரி. பஸ்ஸுக்காக எவ்வளவு நேரம் நின்னார்?”

“அது கணக்குல கொடுக்கல அண்ணி. கொடுக்காததை நாமளா எடுத்துக்கக் கூடாது.”

“தம்பி, நீ பரீட்சையில தோத்ததுல ஆச்சரியமே இல்ல” என்றார் அண்ணி. “அந்தப் புஸ்தகத்துல மட்டும் எல்லாக் கணக்குக்கும் விடை எப்படி இவ்வளவு முழுசா வருது?”

இது அரியருக்கு அத்துப்படியான விஷயம். கணக்குப் போடத்தான் வராதே தவிர, கணக்கு எப்படிப் பிறக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். எழுதுகிறவர் முதலில் விடையை எழுதிக்கொள்வார். பிறகு அந்த விடை வருகிற மாதிரி கேள்விக்கு எண்களைப் பொறுக்கி வைப்பார். அதனால்தான் கூழாங்கல் ஒன்றுகூட அரையும் குறையுமாக விழுவதில்லை. இதை அவன் பெருமையாக விளக்கி முடித்தபோது அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்குத் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று மெதுவாக உறைத்தது.

“ஏழு மணின்னு விடையை முதல்ல எழுதிட்டாரா?” என்றான் அசடு வழிய.

“நிஜமாவே வீட்டுக்குப் போனவன் வழியில செருப்பு அறுந்ததைச் சொல்லுவான், எவனாவது காலை மிதிச்சதைச் சொல்லுவான். இவர் மீதி வராமப் போயிருக்கார்.”

ஆனால் பொய் சொன்னவர் எல்லாம் திருடர் ஆகிவிட மாட்டார். அண்ணி தொலைநோக்கியைச் சுற்றி வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான். பக்கத்தில் ஒரு மரப்பெட்டி திறந்தே இருந்தது. அதில் கண் வைத்துப் பார்க்கிற சின்ன லென்ஸ்கள் வரிசையாக இருந்தன, ஒன்றும் குறையவில்லை. சட்டைப்பைக்குள் அடங்குகிற சாமானை விட்டுவிட்டு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கிற லென்ஸைக் கட்டிக்கொண்டு எவன் ஓடுவான்? அரியர், திருடனுக்கும் தன்னைப் போலவே இயற்பியல் வராது என்று ஒரு கருத்தைச் சொன்னான். யாரும் அதைச் சீந்தவில்லை.

அண்ணி, கண் வைக்கிற பக்கத்தில் மூடி எதுவும் கிடையாதா என்று கேட்டார். உண்டு என்றாள் ஆபரேட்டர். முன்பக்க மூடியை அவள் முன்கூட்டியே எடுத்துவிடுவாள், கண் பக்கத்து மூடியை மட்டும் மாணவர்கள் மேலே வந்த பிறகே எடுப்பாள், தூசி விழக்கூடாது. நேற்று அவள் திரும்பி வந்தபோது அந்த மூடி கழற்றப்பட்டு, இதோ இந்தச் சுவர்மேல் பத்திரமாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. லென்ஸ் போன அதிர்ச்சியில் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணியின் மூக்கில் ஒரு துளி வேர்வை அரும்பியது. அரியர் கடிகாரத்தைப் பார்த்தான். மணி பன்னிரண்டு.

“வா, சார் போன வழியிலேயே போவோம்” என்றார் அண்ணி.

சார் காலையில் வாக்குமூலம் கொடுத்த கையோடு தலைவலி என்று வீட்டுக்குப் போயிருந்தார். மணிக்கு நாலு கிலோமீட்டர் சீரான வேகத்தில் நடக்கிறேன் பார் என்று கிளம்பிய அரியர், முதல் சந்திலேயே ஒரு வண்டிக்கு வழிவிட்டு நின்றான். அடுத்த முனையில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் இருபது நிமிடம் நின்றார்கள். வந்த பஸ் நிற்காமல் போனது, நின்ற பஸ் சார் வீட்டுப் பக்கம் போகாதது. கடைசியில் ஏறிய பஸ்ஸில் ஒரு ஆள் இரட்டைக் கட்டில் மெத்தையைச் சுருட்டி ஏற்றப் பார்க்க, நடத்துநருக்கும் அவருக்கும் வாய்த்தகராறு முற்றி, ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவந்து பஞ்சாயத்துப் பண்ணினார். அரியர் நடத்துநரிடம் இந்த பஸ் மணிக்கு முப்பது கிலோமீட்டர் சீரான வேகத்தில் போகுமா என்று விசாரித்தான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மெத்தைக்காரனோடு சேர்ந்து வந்தவனா நீ என்று கேட்டார்.

வீட்டு வாசலை அடைந்தபோது மணி ஒன்றே முக்கால்.

கதவைத் திறந்தவர் சாரின் மனைவி. சார் குளித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, தண்ணீர் கொடுத்தார். பஸ் ரொம்பப் படுத்திவிட்டது என்று அண்ணி சும்மா பேச்சுக்கு ஆரம்பித்தார். அந்த அம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது.

“அதை ஏன் கேக்கறீங்க? நேத்து இவர் எட்டரைக்குத்தான் வந்தார். பஸ்ஸே வரலைன்னு ஒரே புலம்பல். சாப்பிடக்கூட இல்ல.”

அரியருக்குத் தண்ணீர் புரையேறியது. இதைக் கல்லூரியில் யாரிடமாவது சொன்னீர்களா என்று அண்ணி மெதுவாகக் கேட்டார். யாரும் கேட்கவில்லையே என்றார் அந்த அம்மாள், வெள்ளந்தியாக. மூன்று இயற்பியல்காரர்கள் உட்கார்ந்து வகுத்துப் பெருக்கி நிரூபித்த உண்மை, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கவிழ்ந்துபோனது.

சார் ஈரத்தலையோடு வந்தார். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் ஆசிரியர் அல்லவா, அரியரை அடையாளம் கண்டுகொண்டு, அந்தச் சாய்தளக் கணக்கை இன்னும் முடிக்கவில்லையா என்று கேட்டார். அரியர் சத்தம் போடாமல் எழுந்து நின்றான். தோற்றவனுக்கு அந்தப் பழக்கம் சீக்கிரம் போகாது.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. “சார், திருட வந்தவங்க கண்ணு வைக்கிற பக்கத்து மூடியைக் கழட்ட மாட்டாங்க. நீங்க எடுக்கப் போகல. பாக்கப் போனீங்க.”

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, நாற்காலி அங்கே இருந்தது அவர் அதிர்ஷ்டம். மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பூத்துவாலை மூட்டையைக் குழந்தையைத் தூக்கிவருவது போலத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே லென்ஸ். ஒரு கீறல் இல்லை.

அவர் சொன்னதை அரியர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். சனியைப் பற்றி அந்தப் புத்தகத்தில் நாற்பது கணக்குகள் இருக்கின்றன. வளையத்தின் அகலம், சாய்வு, அது சுற்றுகிற காலம், எல்லாம் அவருக்கு விரல் நுனியில். ஆனால் சனியை அவர் பார்த்ததே இல்லை. எந்தத் தொலைநோக்கி வழியாகவும் எதையுமே பார்த்ததில்லை. அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறார். ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று நேற்று, அவள் டீ குடிக்க இறங்கிய நேரம் பார்த்துச் சாவியோடு மேலே ஏறினார். கண்ணை வைத்தார். மங்கலாக ஒரு வெளிச்சம்தான் தெரிந்தது.

“ரெண்டு லென்ஸுக்கும் நடுவுல இருக்கற தூரத்தை மாத்தணும். அது எனக்குத் தெரியும். நானே படம் போட்டிருக்கேன்” என்றார் சார். “படத்துல எந்த லென்ஸை நகர்த்தினாலும் தூரம் மாறும்.”

அவர் முன்பக்கத்து லென்ஸை நகர்த்தப் போயிருக்கிறார். கண் பக்கத்திலேயே அதற்கென்று ஒரு திருகு இருப்பது படத்தில் இல்லை, ஆகவே அவருக்கும் தெரியவில்லை. பித்தளை வளையத்தைத் திருப்பினார். நாலாவது சுற்றில் வளையம் தரையிலும் லென்ஸ் கையிலும் வந்துவிட்டன. திரும்ப மாட்டப் பார்த்தார், மரை பிடிக்கவில்லை. கீழே யாரோ பேசும் குரல் கேட்டதும் கையும் ஓடாமல் காலும் ஓடாமல், லென்ஸைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, பழக்கத்தில் கதவை ஒழுங்காகப் பூட்டிவிட்டு இறங்கிவிட்டார். காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடத்தான் நினைத்தார். அதற்குள் குழு கூடிவிட்டது, பயத்தில் கை தானாக ஒரு கணக்கை எழுதிவிட்டது.

“அவங்க போட்டுப் பாத்துட்டு சரின்னுட்டாங்க. அப்புறம் எப்படி நானே தப்புன்னு சொல்றது?”

ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளே காட்டியிருப்பாளே என்றார் அவர் மனைவி. அந்தக் கேள்விக்குத்தான் சார் தலையைக் குனிந்தார். கேட்டாராம், அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில். மாடிப்படி வரை போய், சனி இப்போது நன்றாகத் தெரியுமா என்று பேச்செடுத்தார்.

“‘நீங்களே இன்னும் பாக்கலையா சார்?’ன்னு சிரிச்சா. தப்பா ஒண்ணும் சிரிக்கல. நான் உடனே, பாத்திருக்கேன் பாத்திருக்கேன், எத்தனையோ தடவைன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எந்த மூஞ்சியோட போய்க் கேக்கறது?”

அரியருக்கு நாக்கின் நுனியில் ஒரு நக்கல் தயாராக இருந்தது. சனியைப் பார்க்கப் போனவரைச் சனி பிடித்துக்கொண்டது என்று. அதை அப்படியே விழுங்கினான். வகுப்பில் புரியாததைப் புரிந்தது என்று தலையாட்டிவிட்டு, அதற்குப்பின் கேட்கவே முடியாமல் போன நாட்கள் அவனுக்கு ஒன்றா இரண்டா? இந்த மனிதரின் வகுப்பில்தான் அத்தனையும். அவனுக்கு அவர்மேல் திடீரென்று கொள்ளைப் பாசம் வந்தது.

அந்தப் பாசத்தில் ஒரு யோசனையும் சொன்னான். லென்ஸ் மாடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் கிடைத்ததாகச் சொல்லிவிட்டால் என்ன? சாரின் முகத்தில் ஒரு நிமிடம் உயிர் வந்தது.

“கிடைச்சாலும் ஒளிச்சு வெச்சவ அவதான்னு ஆகும்” என்றார் அண்ணி. அவர் குரலில் கோபமில்லை. “நாலு மணிக்கு அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும் சார். உங்க கணக்குல காத்துத் தடையைப் புறக்கணிக்கலாம். அவளைப் புறக்கணிக்க முடியாது. நாங்க சொல்றதைவிட நீங்க சொன்னா நல்லது.”

சார் லென்ஸை மறுபடி துவாலையில் சுற்றினார். பிறகு சட்டை மாட்டிக்கொள்ள உள்ளே போனார்.

ஆட்டோ பிடித்தார்கள். சார் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். குழு அறைக்குள் நுழைந்தபோது நாலு அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. உத்தரவு மேசைமேல் இருந்தது. குழுத் தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். ஆபரேட்டர் சுவரோரமாக, பையில் தன் சாமான்களையெல்லாம் ஏற்கெனவே அடுக்கிக்கொண்டு நின்றாள்.

“என் வாக்குமூலம் தப்பு” என்றார் சார். “பஸ் வரவே இல்ல.”

கணக்கு சரியாக வந்ததே என்றார் குழுவில் ஒருவர் தன்னை மறந்து. சார் மூட்டையைப் பிரித்து லென்ஸை மேசைமேல் வைத்தார். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னார். சனியைப் பார்த்ததில்லை என்பதையும், எந்த வளையத்தைத் திருப்பினார் என்பதையும், ஏன் கேட்கவில்லை என்பதையும். அந்த இடம் வந்தபோது குரல் தாழ்ந்துவிட்டது. ஆபரேட்டருக்கு அந்தச் சிரிப்பு நினைவிலேயே இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. காலையிலிருந்து கோபத்திலேயே நின்றிருந்தவள் முதல்முறையாக உட்கார்ந்தாள்.

தலைவர் உத்தரவை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். சாரை இனி என்ன செய்யப்போகிறார்களோ என்று அரியர் அண்ணியின் காதோரம் முணுமுணுத்தான். ஆனால் தலைவர் சாரைப் பார்க்கவில்லை. பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆபரேட்டர் பக்கம் திரும்பினார்.

“லென்ஸை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?”

ஒரு மணி நேரம் என்றாள் அவள்.

“இன்னிக்கு வானம் எப்படி?”

தெளிவாகத்தான் இருக்கிறது என்றாள். தலைவர் மற்ற இரண்டு பேரையும் பார்த்தார். அந்த இரண்டு பேரும் மேசையைப் பார்த்தார்கள். அண்ணியின் மூக்கில் மறுபடி வேர்த்தது.

“நானும் பாத்ததில்ல” என்றார் தலைவர். “பாத்திருக்கேன்னு சொல்லித்தான் இத்தனை வருஷம் பாடம் நடத்திட்டேன்.”

மற்ற இருவரும் நிமிராமலே, நாங்களும்தான் என்பது போலத் தலையாட்டினார்கள்.

ஏழு மணிக்கு மொட்டைமாடியில் மாணவர்களை ஓரமாக நிற்கவைத்துவிட்டு, விசாரணைக் குழு முழுவதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. ஆபரேட்டர் உத்தரவு அது. அரியரும் நைசாக வரிசையில் நுழைந்திருந்தான். அண்ணி கேட்டதற்கு, சாட்சியங்களைச் சரிபார்க்க வேண்டாமா என்றான்.

எல்லாருக்கும் பின்னால், கதவோரமாக நின்றிருந்தார் சார். தலைவர் முதல் அடி எடுத்து வைத்தபோது ஆபரேட்டர் கையை நீட்டி அவரைத் தடுத்தாள். வரிசையைத் தாண்டிப் போய்ச் சாரின் முன்னால் நின்றாள். அவர் அசையவில்லை. இத்தனை பேருக்கு நடுவில் கண்ணை எங்கே வைப்பது என்றுகூடத் தனக்குத் தெரியாமல் போய்விடுமோ என்கிற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாக எழுதியிருந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள். பக்கத்தில் நின்ற அரியருக்கு மட்டும்தான் அது கேட்டது.

“வாங்க சார். நான் சிரிக்க மாட்டேன்.”

சார் குனிந்து கண்ணை வைத்தார். அவள் அவர் கையைப் பிடித்து, சரியான திருகின்மேல் கொண்டுபோய் வைத்தாள். கொஞ்ச நேரம் அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பிறகு முப்பது வருடம் சனிக்குக் கணக்குப் போட்ட மனிதர், யார் இருக்கிறார்கள் இல்லை என்பதையெல்லாம் மறந்துவிட்டு, வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.